முனை மடித்த தாள்

"அம்மா... இன்னிக்கு மட்டும் நீ பின்னி விடும்மா!"

சீப்பும் ரிப்பனுமாகச் சிட்டு பின்னறை வாசலில் வந்து நின்றாள். குளித்து முடித்து, முகம் முழுக்கப் பவுடர் அப்பி, நெற்றியில் எண்ணெய் மினுங்க நின்றாள் அந்த ஏழு வயதுப் பெண். பள்ளி வண்டி வருவதற்கு இன்னும் கால்மணி நேரம்தான் இருந்தது.

மூக்கம்மா கட்டிலை விட்டு எழுந்தாள். மூக்கம்மா என்பது புருஷன் வைத்த பட்டப்பெயர். கல்யாணமான புதிதில் விளையாட்டாக வைத்தது, வீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆசையாக மகளை நோக்கி இரண்டடி வைத்தவள், பவுடர் வாசனை மூக்கில் ஏறியதும் சட்டென்று நின்றாள். ஓரடி பின்வாங்கினாள். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

"அத்தைகிட்ட போடா கண்ணு... அத்தை நல்லா பின்னுவாங்க..."

"தினமும் அத்தைதானே பின்னுறாங்க! இன்னிக்கு கிளாஸ்ல போட்டோ எடுக்கறாங்கம்மா. எல்லாருக்கும் அவங்கவங்க அம்மாதான் பின்னி விடுவாங்க..."

"சொன்னா கேளு. போம்மா."

குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. அதற்குள் ஹாலிலிருந்து நாத்தனார் வந்துவிட்டாள். புருஷனின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தையல் மெஷின் மிதித்தே ஆளாக்கியவள். அவனை ஆளாக்குவதிலேயே தன் கல்யாண வயதைத் தாண்டிவிட்டவள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"என்ன... மகாராணி இன்னிக்கும் முடியாதுன்னுட்டாங்களா?"

"அண்ணி, அது வந்து..."

"பேசாதே! பெத்த பிள்ளையைத் தொட்டா உன் கை என்ன அழுகியா போயிடும்? உனக்குன்னு தனியா பொங்கி நீ மட்டும் தனியா திங்கிறே. கட்டின புருஷன் ஹால்ல பாயைப் போட்டுப் படுக்கிறான், நீ இங்கே தாழ்ப்பாள் போட்டுக்கிறே. கடை திறந்து ஒன்றரை வருஷம் ஆச்சு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கடைக்குள்ளே காலை வச்சிருப்பியா? நான் இந்த முழங்காலோட நாள் முழுக்க நிக்கிறேன். நான் வாய் திறந்து கேக்காமலே என் தம்பி ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டான். அவனுக்கு இருக்கிற ஈரத்துல கால்வாசி உனக்கு இருக்கா?"

ஸ்டூல் என்றதும் மூக்கம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. கடைச் சாவியோடு நடையில் நின்ற புருஷன் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடுக்கா... வண்டி வந்துரும்," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேசியதே இல்லை.

எல்லோரும் போன பிறகு மூக்கம்மா ஜன்னலைத் திறந்தாள். வெளி விளிம்பில் வழக்கம்போல ஒரு கண்ணாடி டம்ளர். அதற்குள் விரல் நீளத்தில் ஐந்து வெள்ளைத் தாள்கள். கடையில் வாசனை பார்க்கக் கொடுப்பார்களே, அந்த டெஸ்டர் தாள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கினாள். பிறகு முதல் தாளை எடுத்து மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

சரியாக இருந்தது. தாளின் முனையை மடித்து டம்ளரில் போட்டாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எலுமிச்சை முந்திக்கொண்டு நின்றது. அதன் பின்புறத்தில் பென்சிலால், 'எலுமிச்சை ஒரு சொட்டு கூடிவிட்டது' என்று பொடி எழுத்தில் எழுதினாள். கொஞ்சம் யோசித்தாள். 'சிட்டுவின் போட்டோ வந்ததும் ஒன்று இங்கே வையுங்கள்' என்று அடியில் சேர்த்தாள். எழுதிய தாளை இரண்டாகக் கிழித்து டம்ளரில் செருகினாள்.

மடித்தால் சரி, கிழித்தால் சரியில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றரை வருஷமாகப் பேசிக்கொண்ட பாஷை இவ்வளவுதான்.

முன்பெல்லாம் இப்படியா இருந்தது? அவர் பெரிய கடையொன்றில் சென்ட் பிரிவில் பதினோரு வருஷம் நின்றவர். கண்ணை மூடி, தாளை மூக்குக்கு முன்னால் மூன்று தரம் ஆட்டி, "ஆஹா!" என்று அவர் சொல்லும்போதே பாதிப் பேர் பாட்டிலை எடுத்துவிடுவார்கள். வாய்ச்சாலகம் மட்டுமில்லை, மூக்கும் நிஜமாகவே பொன்னான மூக்குத்தான். "என் தம்பி மூக்கு மாதிரி எவனுக்கு இருக்கு?" என்று நாத்தனார் துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் அளப்பாள்.

ஆனால் வீட்டுக்குள் கெட்டிக்கார மூக்கு யாருடையது என்று அவருக்குத் தெரியும். பால் திரிவதற்கு முந்தின நிமிஷமே எழுந்து ஓடுகிறவள் மூக்கம்மா. பீரோவைத் திறக்காமலே உள்ளே எந்தப் புடவை ஈரத்தோடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். "உன்னை வச்சுக்கிட்டு எந்தத் தப்புத்தண்டாவும் பண்ண முடியாதுடி, மூக்கம்மா!" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அப்போது அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

சொந்தமாகக் கடை போட வேண்டும், தானே கலந்து தானே பாட்டிலில் நிரப்பி விற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தெருவைப் பார்த்த முன்னறை நாத்தனாரின் தையல் கடையாக இருந்தது. "இருபது வருஷம் மிதிச்சது போதும். என் தம்பி மூக்கை நம்பித் தர்றேன்," என்று சொல்லி அவளே மெஷினைத் தள்ளிக்கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் போட்டாள். முன்னறைக்கு வெள்ளையடித்தார்கள். அலமாரிக்குக் கண்ணாடி போட்டார்கள். பெயர்ப்பலகையும் வந்து இறங்கியது.

அந்த வாரம்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் போட்டுப் புரட்டி எடுத்தது. பதினோராம் நாள் காய்ச்சல் விட்டது. போகிறபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சமையலறையில் வெங்காயத்தைப் பிளந்து மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றார் அவர்.

"ஒண்ணுமே தெரியலடி... எரியுது. ஆனா வாசனை இல்ல..."

"வந்துரும்ங்க. கொஞ்ச நாள் போகட்டும்..."

"போர்டு மாட்டியாச்சு! அக்கா மெஷினைத் தூக்கிப் படிக்கட்டுக்கு அடியில போட்டாச்சு! இப்போ போய் உன் தம்பிக்கு மூக்கு இல்லைன்னு சொன்னா அது தாங்குமா? இடிஞ்சு உக்காந்துரும்டி..." அவள் மடியில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். திடீரென்று நிமிர்ந்தார். "உன் மூக்கு இருக்கே! எனக்கு அதைக் குடு. என் கை கலக்கும், உன் மூக்கு சொல்லும். யாருக்கும் தெரிய வேண்டாம். அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு!"

பண்ணினாள். அழுகிற புருஷனுக்கு எந்தப் பெண் சத்தியம் பண்ணாமல் இருப்பாள்?

பழைய கடையின் முதலாளி ஏதோ ஒரு நாள், மூக்கை வைத்துப் பிழைக்கிறவன் மூக்கைப் பட்டினி போட வேண்டும் என்று சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டார் அவர். சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடாது. கடைப் பக்கம் எட்டியே பார்க்கக்கூடாது. வாசனை பூசிய எதையும் தொடக்கூடாது. நாள் பூராவும் பாட்டில்களோடு நிற்கிற அவரையும் சேர்த்துத்தான். அத்தையின் பவுடர் டப்பாவோடும் கடை பாட்டில்களோடும் வளர்கிற சிட்டுவையும் சேர்த்துத்தான்.

கடை திறந்த அன்று நாத்தனார் ரிப்பன் வெட்டினாள். பின்னறையில் ஜன்னலை இறுக்கச் சாத்திக்கொண்டு, சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் மூக்கம்மா. அந்தப் பக்கம் எல்லோரும் கை தட்டினார்கள். இவளும் தட்டினாள், சத்தம் வராமல். இந்தப் பைத்தியக்காரியை என்ன சொல்வது!

அதன் பிறகு அவளுடைய நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி. காலையில் தாள். பிறகு வெறும் தண்ணீரில் குளியல். வெந்நீரில் அலசிய புடவை. உப்புப் போட்டு வேகவைத்த காயும் சோறும். மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்களின் பேச்சு, நாத்தனாரின் அதட்டல், அவருடைய "ஆஹா!" எல்லாம் கேட்கும். "மூணாம் நம்பர் சென்ட் இருக்கா? என் தங்கச்சிக்கும் ஒண்ணு வேணும்," என்று யாராவது கேட்டால் இவளுக்கு நெஞ்சு விம்மும். சாயங்காலம் சிட்டு பள்ளி விட்டு வந்து ஹாலில் கத்திப் பாடம் படிப்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இவளும் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்வாள். சரியாகச் சொல்லும்போது தலையாட்டுவாள். தப்பாகச் சொல்லும்போது உதட்டை அசைத்துத் திருத்துவாள். கேட்பதற்குத்தான் யாருமில்லை.

போட்டோ எடுத்து ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் பின்னறையைப் பெருக்கப் புகுந்தாள். கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. திறந்தாள். உள்ளே நூற்றுக்கணக்கில் டெஸ்டர் தாள்கள், கடையின் முத்திரை குத்திய தாள்கள். எல்லாமே இரண்டிரண்டாகக் கிழிக்கப்பட்டிருந்தன!

கிழிந்த தாள்களை எடுத்துக்கொண்டுபோகும் அவர், குறிப்பைப் படித்துவிட்டு, கடைக் குப்பையில் போட்டால் அக்கா கண்ணில் படும் என்று பயந்து, மறுநாள் டம்ளரோடு திருப்பி வைத்துவிடுவார். மூக்கம்மாவுக்கு அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. புருஷன் படித்த தாள்கள் அல்லவா?

"அடிப்பாவி!" நாத்தனாரின் குரல் தெருவரைக்கும் கேட்டது. "டேய்! இங்கே வாடா! வந்து உன் பொண்டாட்டி பண்ற காரியத்தைப் பாரு! கடைத் தாளைத் திருடிக் கொண்டுவந்து கிழிச்சுக் கிழிச்சுப் போட்டிருக்கா! இவளுக்கு உன் மேல என்ன கோபம்? இந்தக் கடை மேல என்ன வயித்தெரிச்சல்?"

"அண்ணி... நான் கிழிச்சது..."

"கிழிச்சேல்ல? ஒத்துக்கிறேல்ல?"

மூக்கம்மா புருஷனைப் பார்த்தாள். நீங்கள் சொல்லுங்கள் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. அவர் உதடு அசைந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தார். அசைந்த உதடு மூடிக்கொண்டது.

கதவோரத்தில் நின்ற சிட்டு மெதுவாகக் கேட்டாள். "அம்மா... எங்க மேல எல்லாம் நாத்தம் அடிக்குதா உனக்கு? அதான் கிட்ட வர மாட்டேங்கிறியா?"

மூக்கம்மா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்றாள் நாத்தனார். "என் மெஷினை எடுத்துக்கிட்டு நான் எங்கேயாவது போயிடறேன்..."

"அக்கா, நீ எதுக்குப் போகணும்..." அவர் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "கொஞ்ச நாள்... உன் தங்கச்சி வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாயேன்."

சத்தியம் பண்ணியவள் பேசக்கூடாது என்று இருந்தாள். நாலு புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். வாசலுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. நாளைக் காலையில் தாள் இல்லை. இனி மூக்கைக் காக்க வேண்டியதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மகளை நோக்கி நீட்டினாள்.

சிட்டு அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நீட்டிய கைகளால் பையை எடுத்துக்கொண்டு மூக்கம்மா படியிறங்கினாள்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகாதவள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். மூன்றாவது மாடியில் இரண்டு சின்ன அறைகள். போன அன்றே குளியலறையில் தங்கையின் சோப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள் மூக்கம்மா. சாதாரண மஞ்சள் சோப்பு. தண்ணீர் பட்டதும் அதன் வாசனை குப்பென்று கிளம்பியது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நுரையைக் கையில் தேய்த்தாள், கழுத்தில் தேய்த்தாள், முகத்தில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அதன் இரைச்சலில் வாய்விட்டு அழுதாள்.

"ஏன்க்கா, மாமா ஒரு போன்கூட பண்ணலையே?" என்று தங்கை கேட்டாள்.

"கடையில வேலை இருக்கும்."

"உனக்கு ரோஷமே கிடையாதாக்கா?"

இருந்தது. எங்கே வைத்தோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது. பகல் முழுக்க அந்த மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். கீழே பள்ளி வண்டிகள் போகும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சிட்டு இருப்பதாகத் தோன்றும். காலையில் கண் விழித்ததும் கை தானாக ஜன்னல் விளிம்பைத் துழாவும். அங்கே டம்ளர் இருக்காது. தன்னை ஒருவரும் தேடவில்லை என்பதைவிட, தன் மூக்கைக்கூட ஒருவரும் தேடவில்லையே என்பதுதான் அவளை அதிகம் அறுத்தது.

இருபத்து நான்காம் நாள் முற்பகலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். மூச்சு வாங்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் நாத்தனார். மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது.

"அண்ணி! என்னாச்சு? சிட்டுவுக்கு..."

"சிட்டு நல்லா இருக்கா. ஸ்கூலுக்குப் போயிருக்கா." நாத்தனார் உள்ளே வந்தாள். உட்காரவில்லை. "தண்ணி குடு முதல்ல."

கொடுத்தாள். குடித்துவிட்டுக் கவரைத் தரையில் கவிழ்த்தாள் நாத்தனார். கிழிந்த தாள்கள் கொட்டின.

"இதை ஏன் எடுத்து வச்சேன் தெரியுமா? உன் சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு வச்சு, உங்க பொண்ணு லட்சணத்தைப் பாருங்கன்னு காட்டத்தான்... நேத்து வரைக்கும் ஒண்ணைக்கூட நான் திருப்பிப் பாக்கலை."

"அண்ணி..."

"நான் சொல்லி முடிச்சுடறேன், இரு. நீ போனதுல இருந்து கடையில தினம் ரகளை. 'இது பழைய வாசனை இல்லை'ன்னு பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் கொண்டு வர்றாங்க. அவன் ஏதோ சீசன், வெயில், ஊறலைன்னு சமாளிச்சான். நானும் நம்பினேன். கண்ணாடி துடைக்கிறதுக்கு நான் ஒரு காலி பாட்டில்ல வினிகர் ஊத்தி வச்சிருந்தேன். மூணாம் நம்பர் பாட்டில். நேத்து நம்ம வாடிக்கை டீச்சரம்மா வந்தாங்க. இவன் அந்த வினிகரை எடுத்தான். தாள்ல அடிச்சான். கண்ணை மூடினான். மூணு தரம் ஆட்டினான்..." நாத்தனாரும் கையை மூன்று தரம் ஆட்டிக் காட்டினாள். "'ஆஹா! இப்பதான் டீச்சர் கரெக்டா வந்திருக்கு'ன்னான்!"

மூக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"டீச்சரம்மா மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கை கால் ஓடலை. கடையைச் சாத்திட்டு அவன் சட்டையைப் பிடிச்சேன். எல்லாத்தையும் கொட்டினான். காய்ச்சல், மூக்கு, சத்தியம், டம்ளர்... எல்லாத்தையும்! நான் ஓடிப்போய் இந்தக் கவரை எடுத்தேன். ஹால்ல உக்காந்து ஒவ்வொண்ணா ஒட்ட வச்சு ஒட்ட வச்சுப் படிச்சேன்..."

தரையில் குனிந்து இரண்டு துண்டுகளை எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். மூக்கம்மாவின் பொடி எழுத்து. எலுமிச்சையைப் பற்றி ஒரு வரி. அடியில்: 'அண்ணி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறார்கள். கடையில் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள்.'

"ஊரெல்லாம் சொன்னேனே... என் தம்பி வாங்கிப் போட்டான், என் தம்பி வாங்கிப் போட்டான்னு... உன் முகத்துக்கு நேராவே சொன்னேனே... நீ வாயைத் திறக்கலையேடி, பாவி!"

அடுத்த தாள். 'சிட்டுவுக்கு இடது ஷூ கடிக்கிறது. நடையின் சத்தத்தில் தெரிகிறது.' அடுத்தது. 'அண்ணி திட்டினால் பதில் சொல்லாதீர்கள். உங்களுக்காக மெஷினை விட்டவர்.'

"சுவருக்குப் பின்னாடி உக்காந்து எங்க எல்லாரையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கே. நாங்கதான் உன்னைப் பாக்கலை..." நாத்தனார் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அந்த அதட்டல் குரல் குழந்தையின் குரலாக உடைந்தது. "என்னை மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரலைம்மா..."

மூக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். நாத்தனாரின் தோளில் பவுடர் வாசனை, கடையின் ஐந்து வாசனைகள், தையல் மெஷின் எண்ணெயின் பழைய வாசனை எல்லாம் அடித்தன. ஒன்றரை வருஷமாக விலகி விலகி நின்ற அத்தனை வாசனைகளையும் கண்ணை மூடி உள்ளே இழுத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் நாத்தனார் மெல்ல. "சொல்லவே கஷ்டமா இருக்கு. கடைக்கு சென்ட் எண்ணெய் கொண்டு வர்ற பெரியவர் இன்னிக்குக் காலையில வந்தாரு. மூக்கை எப்படி வச்சுக்கணும்னு அவர்கிட்டயே கேட்டேன். 'காலையில எதையும் பூசாம, ஒரு மணி நேரம் சும்மா காத்துல உக்காந்தா போதும்மா, அப்புறம் நீங்க எதை வேணா பூசுங்க, எதை வேணா சாப்பிடுங்க'ன்னாரு. ஒன்றரை வருஷமா இப்படி ஒருத்தி இருந்தான்னு சொன்னேன். அந்த மனுஷன் தலையில கையை வச்சுக்கிட்டு, 'யாரு சொன்னது இப்படி இருக்கணும்னு?'ன்னு கேக்கிறாரு..."

மூக்கம்மா அணைத்த கையை எடுத்தாள்.

ஒரு மணி நேரம். மகளின் தலையை அவள் வாரியிருக்கலாம். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போக, மீதி எல்லாம் வீண்.

"அவரு எங்கே?" என்று கேட்டாள். அந்தக் குரல் அவளுடையது போலவே இல்லை.

"கீழே நிக்கிறான். மேல வர பயம்."

"கூப்பிடுங்க."

வந்தார். வாசலிலேயே நின்றார். பாதியாக இளைத்திருந்தார்.

"ஒரு மணி நேரம் போதும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது..."

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் விழித்தார். "கேக்கணும்னு... தோணவே இல்ல. நீயும் கஷ்டமா இருக்குன்னு ஒரு நாளும் சொல்லலையே..."

"எதுலங்க சொல்ல? அந்தத் தாள்லயா?" அவள் எழுந்து நின்றாள். "உங்க மானத்தைக் காப்பாத்த என் மூக்கைக் கேட்டீங்க, குடுத்தேன். என் பிள்ளையையும் சேர்த்துக் குடுத்துட்டேன்னு எனக்கே தெரியலை. அவ என்னைப் பார்த்து ஒளிஞ்சுக்கிட்டா! அப்பவும் நீங்க தரையைத்தானே பாத்தீங்க? இப்பவாவது என் முகத்தைப் பாருங்க!"

பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கண்ணீர் பொங்கியது. "வந்துரு, மூக்கம்மா... நீ இல்லாம..."

"வர்றேன். ஆனா பின்பக்கமா வரமாட்டேன். ஜன்னல்ல டம்ளர் வைக்கிற வேலையெல்லாம் இனிமே கிடையாது. கடை வாசல் வழியா வருவேன். எனக்குன்னு அங்கே ஒரு நாற்காலி இருக்கணும். நான் யாருன்னு நாலு பேர் முன்னாடி நீங்க உங்க வாயால சொல்லணும்."

"அதுக்கு முன்னாடி அவன் சோறு திங்கமாட்டான். நான் போட்டால்ல திங்கிறதுக்கு!" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் காலை, ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக மூக்கம்மா அந்தக் கடைக்குள் காலடி எடுத்து வைத்தாள். அவள் மனதில் கற்பனை செய்து வைத்திருந்ததைவிடக் கடை சின்னது. கண்ணாடி அலமாரியில் ஐந்து நம்பர்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும், பாட்டிலைத்தான் பார்த்ததில்லை. கவுண்டருக்குப் பின்னால் நாத்தனாரின் ஸ்டூல் இருந்தது. அதன் பக்கத்தில் கைவைத்த புது நாற்காலி ஒன்றும் இருந்தது.

அந்த டீச்சரம்மாவை நாத்தனாரே நேரில் போய்க் கூட்டி வந்திருந்தாள். இன்னும் மூன்று நான்கு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். புருஷன் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவு வாய்ச்சாலகமுள்ள மனிதருக்கு அன்றைக்கு வார்த்தை தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"டீச்சர்... அன்னிக்கு உங்ககிட்ட வினிகரைக் குடுத்தேன். எனக்கு வாசனை தெரியாது. கடை திறக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நீங்க விரும்பி வாங்கின எல்லாமே இவங்க பார்த்துச் சொன்னது. இந்தக் கடைக்கு மூக்கு இவங்கதான். நான் வெறும் வாய்."

"அது நல்லாத் தெரிஞ்சுதே," என்றார் டீச்சரம்மா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். புருஷனும் சிரித்தார், அழுதுகொண்டே. டீச்சரம்மா மூக்கம்மாவின் பக்கம் திரும்பினார். "மூணாம் நம்பரை நீங்களே எடுத்துக் குடுங்க. உங்க கையால வாங்கிக்கிறேன்."

மூக்கம்மா எடுத்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் உள்வாசல் திரைச்சீலை அசைந்தது. சீருடையில், தலைமுடி விரிந்து தொங்க, சீப்பும் ரிப்பனுமாக நின்றாள் சிட்டு. உள்ளே வரவில்லை.

"வாடா கண்ணு..." மூக்கம்மா புது நாற்காலியில் உட்கார்ந்து கைகளை நீட்டினாள். வருவாளா, மறுபடியும் ஒளிந்துகொள்வாளா?

சிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையாட்டினாள். குழந்தை மெதுவாக நடந்து வந்தது. அம்மாவுக்கு ஓரடி தள்ளி நின்று, கவுண்டரில் கிடந்த ஒரு டெஸ்டர் தாளை எடுத்தது. எட்டி அதை அம்மாவின் கழுத்தில் வைத்து அழுத்தியது. பிறகு அப்பாவைப் போலவே கண்ணை மூடி, தாளை மூக்குக்கு முன்னால் மூன்று தரம் ஆட்டியது.

"சோப்பு வாசனை," என்றாள் சிட்டு. "கொஞ்சம் அம்மா வாசனை."

தாளின் முனையை மடித்து அம்மாவின் கையில் வைத்தாள். சீப்பையும் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி அவள் மடியோடு ஒட்டி நின்றாள்.

"சீக்கிரம் பின்னும்மா. வண்டி வந்துரும்."